நோயை எண்ணுவதா, காய்ச்சலை எண்ணுவதா, சாவை எண்ணுவதா? ஒரு மாநகரம் எதை நம்பலாம்

2021 மே மாதம் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் காய்ச்சல். முதலில் எனக்கு, மூன்றாம் நாள் மனைவிக்கு, அப்புறம் வரிசையாக மற்றவர்களுக்கு. சோதனைக்குச் சளி கொடுத்தது நான் ஒருவன்தான். கொரோனா பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும், எதற்கு எல்லோரும் வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். இதில் ஒரு கூத்து வேறு. பரிசோதனைக்கூடத்தில் நான் காட்டிய ஆதார் அட்டையில் இருந்தது சொந்த ஊர் விலாசம். சென்னையில் இருமிக்கொண்டு கிடந்த நான் திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் ஏறியிருக்கிறேன். ஊரிலிருந்து ஒரு சுகாதார ஆய்வாளர் போன் செய்து, "வீடு பூட்டிக் கிடக்கே சார், எங்க இருக்கீங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். ஐந்து நோயாளிகள் படுத்திருந்த வீடு, சென்னை மாநகரக் கணக்கில் பூஜ்யம்.

அன்று மாலை டிவியில் ஓடிய மண்டலவாரி எண்ணிக்கையை அதற்கு முன்பு பார்த்த மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு பெரிய நகரத்தில் தொற்று எப்படிப் பரவுகிறது என்று அறிய எந்தக் கணக்கை நம்புவது, இருக்கிற பணத்தை எதில் போடுவது என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை. முக்கியமான வழிகள் ஐந்து: தினசரி பாசிட்டிவ் எண்ணிக்கை, காய்ச்சல் கணக்கு, தொற்று வந்தால் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடும் ஆய்வு, கழிவுநீர்ப் பரிசோதனை, இறப்புப் பதிவேடு. எது சீக்கிரம் சொல்லும், எது தெரு வரைக்கும் இறங்கும், எதற்கு எவ்வளவு செலவு என்று எல்லோரும் கேட்பார்கள். நான் அவற்றோடு இன்னொன்றையும் கேட்பேன். அந்த எண் நம் கைக்கு வந்து சேரும் வழியில் எத்தனை பேருடைய விருப்பத்தைத் தாண்டி வர வேண்டும்? நோயாளி டெஸ்ட் எடுக்க விரும்ப வேண்டும், டாக்டர் எழுதித் தர வேண்டும், கூடம் சரியான விலாசத்தோடு பதிய வேண்டும், அலுவலகம் வெளியிட வேண்டும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தும்.

சிந்துவது பெரும்பாலும் பயத்தால்தான். 2020இல் சென்னையில் தொற்று கண்ட வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்க்கும் என்றால் யார் டெஸ்டுக்குப் போவார்கள்? இது நம் ஊர் வழக்கமும் இல்லை, புதிதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் கொள்ளை நோய் கண்ட வீட்டைக் குடும்பத்தோடு 40 நாள் பூட்டிவைப்பார்கள், கதவில் சிவப்புச் சிலுவை. இறந்தவர் எந்த நோயில் இறந்தார் என்று உடலைப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் வயதான பெண்களை நியமித்திருந்தார்கள். அவர்கள் கையில் கொஞ்சம் காசைத் திணித்தால் கொள்ளை நோய் வேறு நோயாக மாறிவிடும்.

பாசிட்டிவ் எண்ணிக்கை

இந்தக் கணக்கை நான் குறை சொல்லப்போகிறேன். அதற்கு முன் அதன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வழிகளில் இப்போது தொற்று உள்ள ஆள் யார் என்று உறுதியாகச் சொல்வது இது ஒன்றுதான். 2020 ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையில் தொற்று வெடித்தபோது, மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். லாரி ஓட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், காய்கறி வாங்கிப்போன வியாபாரிகள் என்று ஒவ்வொருவராகத் தேட வேண்டியிருந்தது. கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று தொற்று போன வழியைக் கண்டுபிடிக்க முடிந்தது பெயரும் போன் நம்பரும் இருந்ததால்தான். கழிவுநீர் இந்த வேலையைச் செய்யாது.

ஆனால் தொற்று சில நூறு பேரைத் தாண்டி ஊர் முழுக்கப் பரவிய பிறகும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு, நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது வீண். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை 10,000 டெஸ்ட், 1,000 பாசிட்டிவ். செவ்வாய்க்கிழமை 6,000 டெஸ்ட், 900 பாசிட்டிவ். "தொற்று குறைந்தது" என்று தலைப்பு வரும். உண்மையில் பாசிட்டிவ் விகிதம் 10 சதவீதத்திலிருந்து 15 ஆகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூடங்களில் ஆள் குறைவு என்பதால் வாரா வாரம் ஒரு பள்ளம் விழும், அதைத் தட்டையாக்க ஏழு நாள் சராசரி எடுக்க வேண்டும்.

சரி, விகிதத்தையே பார்க்கலாமே என்றால், எந்த வகை டெஸ்ட் என்ற கேள்வி வருகிறது. டெல்லி 2020 ஜூன் மாதத்தில் ரேபிட் ஆன்டிஜென் சோதனையைக் கொண்டுவந்தது. அரை மணி நேரத்தில் முடிவு தெரியும், ஆனால் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை பிடிக்கும் பலரை அது தவறவிடும். தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்டி-பிசிஆர் மட்டுமே செய்தது. இரண்டு நகரங்களின் விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று பேசியவர்கள் படியில் அளந்ததையும் லிட்டரில் அளந்ததையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை பேர் தப்பினார்கள்

இந்த எண் எவ்வளவு பேரை விட்டுவிடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டெஸ்டுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, நகரத்தில் குத்துமதிப்பாக இல்லாமல் முறைப்படி சீட்டுக் குலுக்கிய மாதிரி ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. செரோ சர்வே என்று செய்திகளில் வந்தது இதுதான்.

சென்னையில் 2020 ஜூலையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து 12,405 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். 21.5 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. மாநகராட்சி எல்லைக்குள் 70 லட்சம் பேர் என்று குறைத்தே வைத்தாலும், 15 லட்சம் பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. அந்த மாதக் கடைசியில் அரசுக் கணக்கில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சம். பதினைந்தில் ஒருவர்தான் கண்ணில் பட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் கணக்கு இதோடு ஒப்பிட்டால் பரவாயில்லை ரகம்.

அதே ஜூலையில் மும்பையில் மூன்று வார்டுகளில் எடுத்த ஆய்வு இன்னும் கூர்மையானது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம், மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். ஒரே வார்டு, ஒரே சாலையின் இரண்டு பக்கம். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் குடும்பமும் இரண்டு குளியலறை உள்ள குடும்பமும் ஒரே நகரத்தில் இரண்டு வெவ்வேறு நோய்ப்பரவலில் வாழ்ந்தன என்பதை வேறெந்தக் கணக்கும் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை.

குறை என்ன? முதலாவது, இது பழைய செய்தி. எதிர்ப்புப் பொருள் உருவாகவே இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆய்வு முடிந்து அறிக்கை வர இன்னும் ஒரு மாதம். இரண்டாவது, எதிர்ப்புப் பொருள் நாளாக நாளாகக் கரையும். மும்பையில் அதே வார்டுகளில் ஆகஸ்டில் மறுபடி எடுத்தபோது குடிசைப் பகுதி எண் 45ஆக இறங்கியிருந்தது. தொற்று வந்தவர்கள் வராதவர்களாக மாறிவிட முடியாது அல்லவா. எதிர்ப்புப் பொருள் கரைந்ததும், இரண்டாவது முறை தேர்வான ஆட்கள் வேறு என்பதும், இரண்டும் சேர்ந்துகூட இப்படிக் காட்டலாம். அதனால் இந்த ஆய்வை மாதா மாதம் நடத்துவது காசுக்குக் கேடு. தடுப்பூசியை எந்தப் பகுதிக்கு முதலில் கொண்டுபோவது என்பது போல ஒரு பெரிய முடிவு அதைச் சார்ந்து இருக்கும்போது ஒருமுறை எடுத்தால் போதும்.

காய்ச்சலை மட்டும் எண்ணினால்?

1993 ஏப்ரலில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்துவிட்டது. சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. ஆய்வுக்கூடம் கிருமியின் பெயரைச் சொல்லும் முன்பே பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பலர் வேலைக்கும் வகுப்புக்கும் வரவில்லை என்று புகார்கள் வந்தன. மருந்துக்கடைகளில் பேதி மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கிருமி எதுவாக இருந்தால் என்ன, ஊருக்கே வயிறு சரியில்லை என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்ல அதுவே போதுமான காரணம்.

நோயின் பெயரைக் கேட்காமல் அறிகுறியை மட்டும் எண்ணுவதன் பலம் இதுதான். நியூயார்க் நகரம் 2001 முதல் அவசரசிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் புகாரை, அதாவது காய்ச்சலா, இருமலா, பேதியா என்பதை மட்டும், தினமும் திரட்டி வருகிறது. நம் ஊரில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்திலும் இதே சிந்தனை உண்டு. களப்பணியாளர் நிரப்பும் 'எஸ்' படிவத்தில் அறிகுறி மட்டும், டாக்டர் நிரப்பும் 'பி' படிவத்தில் அவர் சந்தேகிக்கும் நோய், ஆய்வுக்கூடத்தின் 'எல்' படிவத்தில் உறுதியானது. எல்லோரும் 'எல்' படிவத்தைத்தான் மதிப்பார்கள். என்னைக் கேட்டால் 'எஸ்' படிவத்தில் தான் முதல் செய்தி இருக்கிறது.

சென்னையில் தெருமுனைக் காய்ச்சல் முகாம்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ஒரு பிளாஸ்டிக் மேசை, நெற்றிக்கு நேரே நீட்டும் தெர்மாமீட்டர், நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு. பெயர், வயது, தெரு, எத்தனை நாளாகக் காய்ச்சல். மாத்திரையை வாங்கிக்கொண்டு ஆள் போய்விடுவார், ஆனால் அந்த நோட்டில் தெருப்பெயர் நின்றுவிடும். 200 வார்டுகளில் எந்தத் தெருவில் இந்த வாரம் போன வாரத்தைவிட மூன்று மடங்கு காய்ச்சல் என்று பார்க்க அதுவே போதும். அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். நோட்டு நிரம்பினால் அலமாரிக்குப் போய்விடுகிறது.

பலவீனமும் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையில் காய்ச்சல் இல்லாத தெரு ஏது? டெங்கு, சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல், சாதாரண ஃப்ளூ எல்லாம் ஒரே பத்தியில்தான் விழும். அதனால் காய்ச்சல் எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது. கடந்த நான்கைந்து ஆண்டில் இதே வாரத்தில் எவ்வளவு இருந்தது என்று வைத்துப் பார்க்க வேண்டும். பழைய நோட்டைப் பாதுகாக்காத நகரத்துக்குப் புது நோட்டால் பயன் இல்லை.

இணையத் தேடலை வைத்துக் காய்ச்சலை எண்ணலாம் என்று கூகுள் 2008இல் ஒரு முயற்சி தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் அது சொன்ன அளவு உண்மையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2015இல் மூடிவிட்டார்கள். செய்தியைப் பார்த்துப் பயந்து தேடுகிறவருக்கும் உடம்பு சுட்டுத் தேடுகிறவருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சாக்கடை பொய் சொல்லாது, ஆனால்

புதிதாகப் பணம் போடுவதென்றால் எதில் போடலாம் என்று கேட்டால், நான் கழிவுநீரைச் சொல்வேன். யாரும் வரிசையில் நிற்க வேண்டாம், யார் வாசலிலும் தகரம் அடிக்க வேண்டாம். டாக்டரிடம் போகாதவரும், அறிகுறியே இல்லாதவரும் காலையில் கழிப்பறைக்குப் போயே ஆக வேண்டும். நீரேற்று நிலையத்தில் ஒரு பாட்டில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் பல ஆயிரம் பேரின் மாதிரி கையில் இருக்கிறது.

போலியோவுக்கு மும்பையில் 2001 முதலே இதைச் செய்கிறார்கள். 2022இல் லண்டனில் நடந்ததுதான் இதற்கு நல்ல உதாரணம். பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்த கழிவுநீரில் பிப்ரவரி முதல் ஜூன் வரை போலியோ வைரஸ் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. கை கால் விளங்காமல் போன ஒரு குழந்தைகூட இல்லை. ஆகஸ்டிலேயே நகரம் முழுக்க 1 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குக் கூடுதல் தவணை போட ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற நான்கு வழிகளும் அதுவரை வாயைத் திறந்திருக்காது.

ஆனால் என்று ஒரு சொல் போட்டேனே, அது இரண்டு காரணத்துக்காக. ஒன்று, கழிவுநீரிலிருந்து தலைகளை எண்ணப் போனால் வம்பு. 2020 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் விஞ்ஞானிகள் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுத்து, அங்கே வந்துசேரும் கழிவுநீரை வைத்து சுமார் 2 லட்சம் பேர் வைரஸை வெளியேற்றுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். நிலையங்களுக்கு வருவதே நகரக் கழிவுநீரில் 40 சதவீதம்தான், மாதிரி எடுத்ததும் எல்லா நிலையங்களிலும் இல்லை என்பதால் மொத்த நகரத்துக்கு விரித்தபோது அது 6.6 லட்சம் ஆனது. தொற்று கண்டவர் 35 நாள் வரை வைரஸை வெளியேற்றலாம் என்பதால், இன்று நோயாளியாக இருப்பவரும் போன மாதம் குணமானவரும் இதில் அடக்கம். இப்படி ஒவ்வொரு அனுமானத்தையும் கொஞ்சம் அசைத்தால் விடை எங்கேயோ போய்விடும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லும்.

அப்படிக் கேட்கவும் ஒரு அளவுகோல் தேவை. மழை பெய்தால் சாக்கடையில் தண்ணீர் கூடி வைரஸ் நீர்த்துப்போகும், தொற்று குறைந்ததாகத் தோன்றும். இதைச் சரிசெய்ய விஞ்ஞானிகள் பிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. மிளகாய் சாப்பிடும் எல்லோர் வயிற்றிலும் அது ஒன்றும் செய்யாமல் கடந்து வெளியே போகும். ஒரு பாட்டில் கழிவுநீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அதில் மனிதக் கழிவு எவ்வளவு, வெறும் மழைத்தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம் ஊர்ச் சமையலுக்கு இந்த அளவுகோல் ஒருநாளும் குறைவுபடாது.

கடைசியில் வரும் கணக்கு

இறப்பு எல்லாவற்றிலும் தாமதமாக வரும். தொற்றுக்கும் சாவுக்கும் இடையில் வாரங்கள், சட்டப்படி பதிவு செய்ய 21 நாள் அவகாசம். எச்சரிக்கை மணியாக இது உதவாது. பிறகு ஏன் இதற்கு இவ்வளவு மரியாதை?

1662இல் ஜான் கிராண்ட் என்ற லண்டன் துணி வியாபாரி, வாராவாரம் அச்சிட்ட சாவுப் பட்டியல்களைச் சேர்த்துவைத்துக் கணக்குப் போட்டார். 1625 கொள்ளை நோய் ஆண்டில் மற்ற நோய்களால் இறந்ததாக எழுதப்பட்டவர்களும் வழக்கமான 7, 8 ஆயிரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தார்கள். கொள்ளை நோய் வந்த வருஷம் பார்த்து மற்ற நோய்களும் ஏன் பொங்க வேண்டும்? அவை மறைக்கப்பட்ட கொள்ளை நோய்ச் சாவுகள் என்று முடிவுகட்டி, எழுதப்பட்டதைவிடக் கால் பங்கு அதிகம் என்றார். காசு வாங்கிக்கொண்டு நோயின் பெயரை மாற்றலாம். செத்தவரை உயிரோடு இருக்கிறார் என்று எழுத முடியாது.

சென்னையில் 2020இல் நடந்ததும் இதே கணக்குதான். மாநகராட்சி இறப்புப் பதிவேடும் மாநில அரசின் கொரோனா இறப்புப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்ற செய்தி வந்தது, குழு அமைத்தார்கள். மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை விடுபட்ட 444 சாவுகள் ஜூலை 22இல் மொத்தமாகச் சேர்ந்தன. பிறகு ஆராய்ச்சியாளர்கள் நோய்ப்பெயரை விட்டுவிட்டு நகரத்தின் மொத்த இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள். 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை வழக்கத்துக்கு மேல் 25,990 பேர் இறந்திருக்கிறார்கள். அரசுப் பட்டியலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாமே கொரோனாவால் என்று சொல்ல முடியாது. டயாலிசிஸுக்குப் போக முடியாமல் இறந்தவர்களும் அதில் இருப்பார்கள், ஊரடங்கில் விபத்து குறைந்து பிழைத்தவர்கள் எதிர்ப்பக்கம் இருப்பார்கள். ஆனாலும் இந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடிந்ததே சென்னையில் கிட்டத்தட்ட எல்லாச் சாவும் பதிவாகிறது என்பதால்தான். பாதிச் சாவு பதிவாகாத நகரங்களில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இல்லை.

ஆகவே ஒரு மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தால் நான் முதலில் செய்வது காசே ஆகாத காரியம்: மொத்த இறப்பை, நோய்ப்பெயர் இல்லாமல், வார்டுவாரியாக வாராவாரம் வெளியிடுவது. அடுத்து, காய்ச்சல் நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கணினியில் ஏற்ற மண்டலத்துக்கு ஒரு ஆள். மிச்சப் பணம் கழிவுநீருக்கு. தினசரி பாசிட்டிவ் எண்ணைத் தொற்று சில நூறாக இருக்கும்வரை உயிராக மதிப்பேன், ஆளைத் தேட. அதற்கு மேல் போனால் ஒரு மூலையில் ஓடட்டும். டெங்குவுக்கு இதில் பாதி உதவாது, அங்கே வீடு வீடாகப் போய்த் தொட்டியை எட்டிப்பார்த்து நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்று எண்ணுகிறவர்தான் புள்ளியியல் நிபுணர்.

கழிவுநீரில் இன்னும் ஒரு முடிச்சு மிச்சம். 2011இல் சென்னை மாநகராட்சி சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பல இடங்களில் பாதாளச் சாக்கடை இன்னும் முழுதாகப் போய்ச்சேரவில்லை, வீட்டுத் தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரி வரும். நீரேற்று நிலையத்தில் மட்டும் பாட்டிலை நீட்டினால் பழைய நகரத்தின் நோய் மட்டும்தான் தெரியும். லாரிகள் வந்து குழாயைத் திறந்துவிடும் இடத்திலும் ஒரு பாட்டில் எடுக்கலாம், ஆனால் அது எந்தத் தெருவின் தொட்டி, எத்தனை நாள் தேங்கியது என்று தெரியாது. டிரைவர் எழுதும் டிரிப் சீட்டில் தெருப்பெயருக்கு ஒரு பத்தி, கடைசியாக எப்போது அள்ளினார்கள் என்பதற்கு ஒரு பத்தி சேர்த்துவிட்டால் அதுவும் தீர்ந்துவிடும். முதல் மாதம் பாதிச் சீட்டில் "மெயின் ரோடு" என்றுதான் இருக்கும்.